இன்ஸ்பெக்டர் ஐயாமாருக்கு ஒரு மடல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கு,



தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பாராமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பென்சனில் வந்து பல வருடங்களாகியும் எங்கள் ஒழுங்கைகளில் உங்களுக்குப் பழைய பெயர்தான்: "இன்ஸ்பெக்டர் ஐயா", "சார்ஜன் மாமா", "ஓ.ஐ.சி. வீடு". வாடகைப் பிரச்சினையோ, மகன் மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டதோ, எதுவென்றாலும் சனம் ஸ்டேசனுக்குப் போகமுதல் உங்கள் கேற்றைத்தான் தட்டும். யுத்தம் உக்கிரமாக இருந்த 2006 முதல் 2009 வரையான காலத்தில் இன்னொரு காரியத்துக்கும் தட்டினார்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

"மகளைக் காணேல்லை, ஐயா. ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ."

இந்த வசனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மகளுக்குப் பதில் மகன், மருமகன், ஊரிலிருந்து வந்து லொட்ஜில் நின்ற தங்கச்சியின் பிள்ளை என்றும் இருந்திருக்கும். கேட்டவர் உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவராகவோ, சம்பந்தி வழிச் சொந்தமாகவோ, காலையில் கூட நடப்பவராகவோ இருந்திருப்பார். நண்பர் கேட்கிறார், மறுக்க முடியாது. நீங்களும் தேடினீர்கள். அந்தத் தேடலில் உங்களுக்கு ஏதோ ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதில் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி.

உங்களிடம் ஏன் வந்தார்கள் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்கப்படுத்துவது கடினம். அரசாங்கம் இருக்கிறது, பொலிஸ் நிலையம் இருக்கிறது, முறைப்பாடு கொடுத்தால் எழுதத்தானே வேண்டும் என்று கேட்பார்கள். குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு உங்களுக்கு மனப்பாடம். குற்றம் பற்றித் தகவல் கொண்டு வருபவர் சொல்வதைப் பொறுப்பதிகாரி பதிய வேண்டும். சட்டம் அப்படித்தான். வெள்ளவத்தை லொட்ஜில் நின்ற பெண்ணின் தகப்பனுக்கோ முதற் பயம் வேறு. பிள்ளையின் பொலிஸ் பதிவு முடிந்திருக்குமோ, தன்னுடைய பதிவில் தங்கும் காரணம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதோ, முறைப்பாடு கொடுக்கப் போய்த் தானே உள்ளே இருக்க வேண்டி வருமோ. அந்தப் பயத்தை அவர் கற்பனை செய்யவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் நின்ற தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பினார்கள். 376 பேர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் அது நின்றது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தோடு பஸ் திரும்பி வந்தது உண்மை. ஸ்டேசன் வாசலை மிதிக்கும் தைரியம் அதோடு திரும்பி வரவில்லை.

பயத்தைத் தாண்டிப் போனவர்களுக்கும் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். தாய் தமிழில் அழுது சொல்லுவாள், கொன்ஸ்டபிள் சிங்களத்தில் நாலு வரி எழுதுவார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தாய் கையெழுத்து வைப்பாள். வெள்ளை வானில் வந்து ஏற்றினார்கள் என்று அவள் சொன்னது, வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று புத்தகத்தில் ஏறியிருக்கும். காணாமல் போனது பெண் பிள்ளை என்றால் முதற் கேள்வியே வேறு: "லவ் ஏதும் இருந்ததா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே ஸ்டேசனுக்குப் போகாமல் விட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். கீழே இன்னும் இரண்டு பெட்டையள் கலியாணத்துக்கு இருக்கினம், பெயர் கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டு, இரவில் உங்கள் கேற்றுக்கு மட்டும் வந்தார்கள். ஆகவே பெண் பிள்ளைகளின் விசயத்தில் அரச புத்தகத்தில் இருப்பதைவிட உங்கள் தலையில் இருப்பது கூட.

நீங்கள் என்ன செய்தீர்கள்? போனை எடுத்தீர்கள். ஒன்றாகப் பயிற்சி எடுத்த ஆள் ஒருவர் ஏதோ ஒரு நிலையத்தில் பொறுப்பதிகாரியாக இருப்பார், உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவர் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் நாலாம் மாடியில் இருப்பார். ஒன்றிரண்டு அழைப்பு. சிலவேளை நல்ல செய்தி வந்தது: பிள்ளை இன்ன ஸ்டேசனில், காலையில் நீதவான் முன் கொண்டுபோவார்கள், ஒரு லோயரைப் பிடியுங்கோ. அந்த ஒரு அழைப்பால் உயிரோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்லும் குடும்பங்கள் இன்றைக்கும் தைப்பொங்கலுக்குப் பலகாரம் அனுப்புகின்றன.

சிலவேளை வேறு பதில் வந்தது. "மச்சான், அதை விடு. அது எங்கட ஆக்கள் இல்லை."

நண்பரிடம் வந்து அதை எப்படிச் சொன்னீர்கள்? "பார்த்திட்டன், எங்கயும் இல்லை" என்றிருப்பீர்கள். அவருடைய நன்மைக்காகத்தான் மறைத்தீர்கள் என்று நான் நம்புகிறேன். அந்த இரவில் அந்த மனிதரிடம் வேறென்ன சொல்ல முடியும்? ஆனாலும் பொலிஸ் வேலையில் முப்பது வருடம் இருந்த உங்களுக்கு அந்தப் பதிலின் எடை தெரியும். "எங்கட ஆக்கள் இல்லை" என்று ஒரு பொறுப்பதிகாரி சொன்னால், பொலிஸ் பிடிக்கவில்லை என்பது தெரியும், யார் பிடித்தார்கள் என்பதும் அவருக்கு ஓரளவு தெரியும். அது ஒரு தடயம். யாரிடம், என்றைக்கு, எந்த நிலையத்தில் என்ற விபரங்களோடு அது சேரும்போது வழக்குக்குக் கால் முளைக்கும். நட்புக்காகச் செய்த உதவி என்று நினைத்ததால் நீங்கள் அதை எங்கேயும் எழுதவில்லை.

எழுதப்பட்ட ஒரு வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்முடைய சுற்றாடலிலேயே உதாரணம் இருக்கிறது. 2008 செப்டெம்பர் 17 அன்று தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள், தமிழரும் முஸ்லிமுமாக. அந்தக் காலப்பகுதியில் கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களிலிருந்து கடத்தப்பட்டவர்களையும் சேர்த்தால் பதினொருவர். குடும்பங்களிடம் கப்பம் கேட்கப்பட்டது. கொழும்பில் கடற்படைத் தலைமையகத்துக்குள் 'பிட்டு பம்புவ' என்று அழைக்கப்பட்ட இடத்திலும், பிறகு திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் 'கன்சைட்' நிலக்கீழ் அறைகளிலும் இவர்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் (சீ.ஐ.டி.) நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. தடுப்பிலிருந்த ஓர் இளைஞர் காவலில் நின்றவர்களின் தொலைபேசியில் களவாகத் தாயோடு பேசியிருக்கிறார். 2009 மே மாதத்தோடு அந்த அழைப்புகள் நின்றன.

பெற்றோர் எத்தனையோ கதவு தட்டினார்கள். வழக்கை அசைத்ததோ 2009 மே மாத இறுதியில் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தன்னுடைய சொந்த மெய்ப்பாதுகாப்பு அதிகாரியைப் பற்றிப் பொலிஸ் மாஅதிபரிடம் கொடுத்த ஒரு முறைப்பாடு. அந்த அதிகாரியின் அறையில் கடத்தப்பட்டவர்களின் அடையாள அட்டைகளும் ஒரு கடவுச்சீட்டும் கைபேசியும் அகப்பட்டன. தளபதி எதற்காக எழுதினார் என்பதைப் பற்றிப் பல கதைகள் உண்டு. பிறகு அவரே சந்தேகநபராகவும் பெயரிடப்பட்டார். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஒரு காகிதம் இருந்தது. எத்தனையோ தாய்மாரின் கண்ணீரால் நகராத கோப்பு, உள்ளே இருந்தவர் ஒருவரின் ஒரு கடிதத்தால் நகர்ந்தது. இதை எழுதும்போது எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் உங்களிடம் கேட்பதற்கான நியாயமும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உங்கள் திணைக்களத்துக்காரர்கள். இன்ஸ்பெக்டர் நிசாந்த சில்வா விசாரித்தார், ஷானி அபேசேகர அவருக்கு மேலே நின்றார். 2017 இல் கடற்படை அதிகாரிகள் கைதானார்கள். 2018 ஓகஸ்டில் இந்த வழக்கில் தேடப்பட்ட கடற்படை அதிகாரி 'நேவி சம்பத்' பிடிபட்டார். அவர் தலைமறைவாக இருக்க உதவினார் என்ற குற்றச்சாட்டில் அந்த வருடம் நவம்பரில் பாதுகாப்புப் படைகளின் பிரதானியே விளக்கமறியலுக்குப் போனார். சீருடையில் இருந்தவர்களில் அவ்வளவு உயரத்தில் உள்ள ஒருவரை ஒரு பொலிஸ் கோப்பு தொட்டதை இந்த நாடு அதற்கு முன்பு பார்த்ததில்லை. 2019 நவம்பரில் பதினான்கு பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கலானது.

ஆட்சி மாறியது. 2019 நவம்பர் 24 அன்று நிசாந்த சில்வா குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ஷானி அபேசேகர சீ.ஐ.டி. பணிப்பாளர் பதவியிலிருந்து காலிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜூலை கடைசியில் கைதானார், சிறையில் கொரோனா பிடித்தது, 2021 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுத்தது. அதே வருடம் ஓகஸ்டில் கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்னெடுக்கப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். 2023 இல் அமெரிக்கா அவருக்குத் தன் நாட்டுக்குள் நுழையத் தடை போட்டது. பதினொருவரின் எலும்பொன்றுகூட வீட்டாருக்குக் கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஷானி அபேசேகரவை 2024 ஒக்டோபரில் அரசாங்கம் திரும்ப அழைத்தது, 2025 நடுப்பகுதியில் சீ.ஐ.டி. பணிப்பாளராக்கியது. 2025 ஜூலையில் முன்னாள் கடற்படைத் தளபதி நிசாந்த உலுகேதென்ன கைதானார். பொத்துஹெரவைச் சேர்ந்த சிங்கள இளைஞர் ஒருவரின் கடத்தல் பற்றிய வழக்கு அது. வெள்ளை வானுக்கும் கன்சைட்டுக்கும் இனம் தெரியாது என்பதைப் பாமன்கடைப் பக்கம் குடியிருக்கும் சிங்கள உத்தியோகத்தர்கள் கவனிக்க வேண்டும். உங்களை 1988, 1989 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தேடி வந்த தகப்பன்மார் சிங்களவர்கள். அவர்களுக்கும் நீங்கள் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

பென்சன்காரர் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவருக்கு ஷானியின் பெயரே போதும். ஆனால் அவருக்கு நடந்ததைச் சொல்லித்தான் நீங்கள் மறுப்பீர்கள் என்பதும் தெரியும். பணிப்பாளருக்கே பத்து மாதத்துக்கு மேல் சிறை என்றால் சார்ஜனுக்கு என்ன? பென்சன், பிள்ளைகள், வெளிநாட்டு விசா, ஒழுங்கையில் நிற்கும் தெரியாத வாகனம். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நண்பரின் பிள்ளையைத் தேடிப் போவது என்ன விலை கேட்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று இருக்கிறது. 1996 செப்டெம்பர் 7, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பினார், கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். தேடிப் போனவர்கள் தாய், தம்பி, இவர்களோடு அயல்வீட்டு நண்பர் ஒருவர். நால்வரும் கொலை செய்யப்பட்டார்கள். அந்த அயலவர் பொலிஸ்காரர் அல்ல, அதிகாரம் எதுவும் இல்லாதவர். பிள்ளையைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டுத் தாய் சொன்னதும் கூடப் போனார், அவ்வளவுதான்.

அந்த வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை தீர்ப்பான வேளையில், குற்றவாளிகளில் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச வாய் திறந்தார். செம்மணியில் முன்னூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்றார். 1999 இல் தோண்டியபோது கிடைத்தவை பதினைந்து. கால் நூற்றாண்டு கழிந்து 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன, குழந்தைகளுடையவையும் சேர. தண்டனைக் கைதி ஒருவர் சொன்ன வார்த்தைதான் செம்மணி என்ற பெயரை உலகுக்குக் கொண்டுபோனது. குற்றம் செய்தவர் சொல்லலாம் என்றால், குற்றம் செய்யாமல் காதால் கேட்க மட்டும் செய்த உங்களுக்குத் தடை என்ன?

ஆர்ஜென்டினாவிலும் இப்படித்தான் உடைந்தது. இராணுவ ஆட்சிக் காலத்தில் கைதிகளை மயக்கி விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள் என்று குடும்பங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தன. 1995 இல் அடோல்ஃபோ சிலிங்கோ என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, அந்த விமானங்களில் தானும் போனதாக ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். அதற்குப் பிறகு மறுக்க எவராலும் முடியவில்லை. அவருக்குப் பின்னாளில் ஸ்பெயினில் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் கை நனைத்தவர், அது சரி. உங்களில் பெரும்பாலானவர்களிடம் நான் கேட்பது பாவமன்னிப்பு வாக்குமூலம் ஒன்றுமில்லை. போனில் கேட்ட ஒரு பதில்.

எங்கே கொடுப்பது என்பதில் எனக்கும் சந்தேகங்கள் உண்டு. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் (ஓ.எம்.பி.) 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இரகசியமாகத் தகவல் வாங்க அதற்கு அதிகாரம் உண்டு, அப்படிக் கொடுக்கும் தகவல் தகவலறியும் சட்டத்தின் கீழ் வெளியே போகாது. அதே சட்டம் அந்த அலுவலகத்தின் முடிவுகளால் எவருக்கும் குற்றப் பொறுப்போ சிவில் பொறுப்போ வராது என்றும் சொல்கிறது. இதனால்தான் 2017 பெப்ரவரியிலிருந்து பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் குந்தியிருக்கும் தாய்மார் ஓ.எம்.பி.யை வேண்டாம் என்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உங்கள் பயத்துக்கோ அதே ஏற்பாடு தோதாக வருகிறது. ஆகவே அங்கே ஒரு பிரதி கொடுங்கள், அத்தோடு நிறுத்தாதீர்கள். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து நம்பிக்கையான சட்டத்தரணியிடம் ஒன்று வையுங்கள். சீ.ஐ.டி.யிடம் வாக்குமூலம் கொடுக்கத் துணிபவர்களுக்குச் சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015 இல் வந்து, 2023 இல் புதிதாக்கப்பட்டும் இருக்கிறது. சட்டம் காகிதத்தில் பாதுகாக்கும் அளவுக்கு வீட்டு வாசலில் பாதுகாக்குமா என்று கேட்டால், என்னிடம் உத்தரவாதம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து போனால் தனியாகப் போனவரைவிடப் பத்திரம், அதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

எழுத வேண்டியதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தினக்குறிப்பு எழுதிப் பழகிய கை. எந்த மாதம், யார் வந்து கேட்டார், பிள்ளையின் பெயர், நீங்கள் யாரை அழைத்தீர்கள், அவர் எந்த நிலையத்தில் எந்தப் பதவியில் இருந்தார், சொன்ன சொற்கள், வான் இலக்கம் ஏதும் பேச்சில் வந்ததா. திகதி மறந்திருந்தால் "தீபாவளிக்கு முந்தின கிழமை" என்று எழுதினாலும் காரியமாகும். விசாரணைக்காரர் தொலைபேசிப் பட்டியலோடு ஒட்டிப் பார்த்துக்கொள்வார். ஊகத்தை எழுதாதீர்கள். கேட்டதையும் கண்டதையும் மட்டும் எழுதுங்கள், நீதிமன்றத்தில் அப்படித்தானே சொல்லப் பழகினீர்கள்.

இன்னொரு உதவியும் கேட்பேன், இதற்குத் துணிவு அவ்வளவு தேவையில்லை. உங்கள் ஒழுங்கையில் பிள்ளையைத் தொலைத்த தாய் இருந்தால், பழைய முறைப்பாட்டின் பிரதியைத் தகவலறியும் விண்ணப்பம் போட்டு எடுக்க அவளுக்குத் துணை போங்கள். சிங்களத்தில் எழுதியிருப்பதை வரி வரியாக வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். பிழையாக எழுதியிருந்தால் மேலதிக வாக்குமூலம் எப்படிக் கொடுப்பது என்று உங்களைவிடத் தெரிந்தவர் யார்? 2010 ஆம் ஆண்டின் மரணப் பதிவுச் சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுங்கோ, காசு வரும் என்று ஒரு காலத்தில் அவளை நெருக்கினார்கள். உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிள்ளைக்காகக் கொடுக்கும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் 2016 திருத்தத்தோடு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்து அதை விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் போதும்.

2022 ஜனவரியில் முகத்துவாரம் காளி கோயிலில், காணாமல் ஆக்கப்பட்ட ஊடகவியலாளர் ஒருவரின் மனைவி சந்தியா எக்னெலிகொட தலையை மழித்து, கணவனைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார். பொலிஸில் தொடங்கி நீதிமன்றம், ஆணைக்குழு, ஜெனிவா வரை ஏறி இறங்கிய பிறகு மிஞ்சியது காளி. கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தக் கோயில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்து சேர்வதற்கு முன்னால் நீங்கள் யாராவது ஒருவர் அவருக்கு ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம் என்பதே என் முறைப்பாடு.

அன்றைக்கு உங்களிடம் வந்த தகப்பன்மாரில் பலர் இப்போது உயிரோடு இல்லை. இருப்பவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்களுக்கும் வயது நிற்கவில்லை, நீங்கள் போன் எடுத்த அந்தப் பொறுப்பதிகாரிக்கும்தான். உங்கள் மூவரில் எவர் முந்திப் போனாலும் அந்தத் தடயம் முடிந்தது. ஆகவே இந்த மாதமே ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் முதற் பிரதியை எந்த அலுவலகத்துக்கும் அனுப்பமுதல், அந்த நண்பர் உயிரோடு இருந்தால் அவர் வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் அயலவர்